திருப்பிக் கேட்காத யந்திரம்

பாலியல் சுகாதாரத் தகவல் சொல்ல ஏஐ சாட்பாட்களைப் பயன்படுத்துவது பற்றிக் கொஞ்ச நாளாக ஆய்வுக் கட்டுரைகளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் நமக்கு மிக அருகில் இருப்பது ஜர்னல் ஆஃப் மெடிக்கல் இன்டர்நெட் ரிசர்ச் இதழில் 2022-இல் வந்த ஒன்று. ஸ்நேஹ்ஏஐ என்ற சாட்பாட்டைப் பற்றியது. இந்தப் பதிவு அந்தக் கட்டுரை மேல் உள்ள ஒரு மனக்குறையில் தொடங்குகிறது. ஆனால் குறை அந்த ஒரு சாட்பாட்டோடு நிற்பதில்லை.

முதலில் அறிமுகம். பாப்புலேஷன் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் 2014-இல் தூர்தர்ஷனில் 'மே குச் பீ கர் சக்தி ஹூன்' என்று ஒரு தொடர் எடுத்தது. அதன் நாயகி டாக்டர் ஸ்நேஹா. அந்தப் பாத்திரத்தின் பெயரோடு ஏஐ-யை ஒட்டி ஃபேஸ்புக் மெசஞ்சரில் ஒரு சாட்பாட் விட்டார்கள். பேச்சு ஹிங்கிலீஷில், அதாவது இந்தியும் ஆங்கிலமும் கலந்து. வட இந்திய இளைஞர்கள் கருத்தடை, மாதவிடாய், வன்முறை பற்றியெல்லாம் வெட்கமில்லாமல் கேட்கலாம். நல்ல யோசனை. டிவி தொடரில் ஏற்கெனவே நம்பிக்கை சம்பாதித்த ஒரு முகத்தைச் சாட்பாட்டுக்கு மாட்டியது இன்னும் நல்ல யோசனை.

கட்டுரை சொல்லும் வெற்றிக்கணக்கு இதுதான்: 5 மாதத்தில் சுமார் 1.35 லட்சம் பயனர்கள், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திப் பரிமாற்றங்கள்.

வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஏறத்தாழ 60. நான் வேலை பார்க்கும் துறையில் இந்த மாதிரி எண்ணைத் திரையில் போட்டால் மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டுவார்கள், அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள். மளிகைக் கடைக்கு வந்த ஒருத்தர் 60 தடவை வாயைத் திறந்தார் என்றால் கடை நல்லா ஓடுதுன்னும் சொல்லலாம், கேட்ட சாமான் கடைசிவரை கிடைக்கலைன்னும் சொல்லலாம். எண் ஒன்றுதான்.

நியாயமாகச் சொன்னால், அந்த ஆய்வு 'இந்தச் சாட்பாட்டால் யாருக்கு என்ன ஆச்சு' என்று அளக்க வந்ததல்ல. அதன் அமைப்பு என்னென்ன செய்ய இடம் தருகிறது என்று பிரித்துப் பார்க்கும் ஆய்வு. அதைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். என் மனக்குறை வேறு. பாலியல் சுகாதாரச் சாட்பாட் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக இரண்டே விஷயத்தை அளக்கிறார்கள்: எத்தனை பேர் பேசினார்கள், சொன்ன பதில் மருத்துவப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா. பேசவந்தவர் என்ன கேட்டார் என்பது யந்திரத்துக்குப் புரிந்ததா, புரியாதபோது அது என்ன செய்தது என்ற மூன்றாவது விஷயம் எங்கேயோ ஓரத்தில் கிடக்கிறது. எனக்கு முழு விஷயமுமே அங்கேதான் இருப்பதாகப் படுகிறது.

ஸ்நேஹ்ஏஐ காலத்துச் சாட்பாட்கள் பெரும்பாலும் பட்டன் வைத்தவை. 'கருத்தடை பற்றி', 'மாதவிடாய் பற்றி' என்று பெட்டி பெட்டியாகக் காட்டும். தட்டினால் முன்கூட்டியே எழுதி வைத்த பதில் வரும். அமெரிக்காவில் பிளான்டு பேரன்ட்ஹுட் 2019-இல் பதின்வயதினருக்காக வெளியிட்ட 'ரூ'-வும் நிபுணர்கள் முன்பே எழுதிவைத்த பதில்களைத் தருகிற ரகம்தான். அதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது, ஒரு பாதுகாப்பும் இருந்தது. இப்போது வந்திருக்கும் பெரிய மொழி மாதிரிகளுக்குப் பெட்டி கிடையாது. எதை வேண்டுமானாலும், எந்த மொழியில் வேண்டுமானாலும் கேட்கலாம். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். ஆகவே தமிழ் பேசும் ஒரு பெண்ணோ பையனோ ராத்திரி 11 மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு இதைக் கேட்பது இன்று நடந்துகொண்டிருக்கும் விஷயம். 'பயன்படுத்தலாமா' என்ற கேள்விக்குக் காலம் கடந்துவிட்டது.

ஏன் யந்திரத்திடம் போகிறார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதமும் டாக்டர் ஷர்மிளாவும் நடத்திய 'புதிரா புனிதமா'வை எங்கள் தலைமுறையில் பலர் சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்த்தோம். மும்பையில் டாக்டர் மகிந்தர் வத்ஸா எண்பது வயதுக்குப் பிறகு நாளிதழில் கேள்வி-பதில் எழுத ஆரம்பித்து, 2020-இல் 96 வயதில் இறந்தார். இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். மறுபக்கம், 2005-இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகைக்குச் சொன்ன கருத்துக்கு இருபதுக்கும் மேல் வழக்குகள். அவர் சொன்னதில் ஒரு பகுதி, திருமணத்துக்கு முன் உறவு வைத்துக்கொள்பவர்கள் கர்ப்பமும் நோயும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. உச்சநீதிமன்றம் அவற்றை ரத்து செய்ய 2010 ஆகிவிட்டது. இந்த ஊரில் முகம் இல்லாத ஒன்றிடம் போய்க் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

அதோடு, மனிதர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்று இருக்கிறது. "கல்யாணம் ஆயிடுச்சா?" சிறுநீர்க் கடுப்பு என்று போனாலும், வெள்ளைப்படுது என்று போனாலும் அதுதான் முதலில் வரும். மருத்துவத்துக்கு அந்தக் கேள்வியால் ஒரு பயனும் இல்லை. தெரிய வேண்டியது உறவு உண்டா இல்லையா என்பது. தாலி அதற்குச் சான்றும் இல்லை, மறுப்பும் இல்லை. யந்திரம் இதைக் கேட்பதில்லை. மூஞ்சியைச் சுளிப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ச் சொல்வதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அது இருக்கட்டும் என்பேன்.

ஆனால் அது எதையுமே கேட்பதில்லை என்பதுதான் சிக்கல்.

இந்த விஷயங்களைத் தமிழில் யாரும் நேராகச் சொல்வதில்லை. 'நாள் தள்ளிப் போச்சு' என்ற மூன்று சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் தாமதம் என்று ஒரு பொருள். வீட்டுப் பெரியவர்கள் வாயில் அதுவே 'கர்ப்பம் போலிருக்கு' என்ற நல்ல செய்தி. கல்யாணமாகாத பெண் வாயில் அதே செய்தி, ஆனால் அடிவயிறு கலங்கும் செய்தி. போதாக்குறைக்கு 'தள்ளிப் போக மாத்திரை' என்று ஒன்று இருக்கிறது. கோயிலுக்குப் போக வேண்டும், வீட்டில் விசேஷம் என்றால் மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வது. அது நாரெதிஸ்டிரோன். மாதவிடாயைத் தள்ளிப் போடப் போடும் அளவில் அது கருத்தடை மாத்திரை அல்ல. ஆனால் 'மாத்திரை போட்டுட்டுத்தானே இருந்தேன், எப்படி ஆகும்?' என்று நினைப்பவர்கள் உண்டு.

இதெல்லாம் தமிழ் எழுத்தில் தட்டினால். பெரும்பாலோர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அதில் ஒரு 'எல்' விட்டுப்போனால் 'தள்ளிப் போச்சு' என்பது 'தாலி போச்சு' ஆகிவிடும். சிரிக்காதீர்கள், யந்திரம் அதற்கும் மிகுந்த அனுதாபத்தோடு பதில் சொல்லும்.

நான் ஒரு சாட்பாட்டில் இப்படித் தட்டிப் பார்த்தேன்: "தள்ளிப் போக மாத்திரை போட்டேன், இப்ப தள்ளிப் போச்சு, பயமா இருக்கு". பெயர் வேண்டாம், இன்னொன்றிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். வந்த பதில் ஒன்பது புள்ளிகள் கொண்ட பட்டியல். மன அழுத்தம், தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, எடை மாற்றம், கர்ப்பம் என்று வரிசையாக. ஒவ்வொன்றும் சரி. கடைசியில் 'ஒரு மகப்பேறு மருத்துவரை அணுகவும்'. பரிசோதகர் எவராவது மதிப்பெண் போட்டால் பத்துக்கு ஒன்பது தருவார். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருபது வருஷம் வேலை பார்த்த ஒரு நர்ஸ் இந்த வாக்கியத்தைக் கேட்டால் பட்டியல் வாசிக்க மாட்டார். மூன்று கேள்வி கேட்பார். என்ன மாத்திரை? எதுக்குப் போட்டே? நிறுத்தி எத்தனை நாளாச்சு? அந்த மாத்திரையை நிறுத்திய சில நாட்களில் மாதவிடாய் வந்துவிட வேண்டும். ஆகவே நிறுத்தியது முந்தாநாளா, மூணு வாரமா என்பதில் பதிலே மாறுகிறது. ஒன்றில் 'பொறு', இன்னொன்றில் 'இன்னிக்கே டெஸ்ட் பண்ணிப் பார்'.

இன்னொரு வாக்கியம். இதுதான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. "எனக்கு குடும்பக் கட்டுப்பாடு பண்ணிருக்கு, ஆனா ரெண்டு வாரமா தள்ளிப் போகுது, ஒரு பக்கமா வயிறு வலிக்குது."

அகராதியில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் கருத்தடை முறைகள் எல்லாம் சேர்ந்த பொதுப்பெயர். தமிழ்நாட்டுப் பேச்சில் 'குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு' என்றால் ஒரே பொருள்: ஆபரேஷன், கருக்குழாயைக் கட்டிவிட்டார்கள். இங்கே கருத்தடை முறைகளில் மிகப் பெரிய பங்கு அதற்குத்தான். அந்த ஆபரேஷனுக்குப் பிறகு கர்ப்பம் அபூர்வம். ஆனால் அப்படி உண்டானால் அது கருப்பையில் தங்காமல் குழாயிலேயே தங்கும் வாய்ப்பு வழக்கத்தைவிட அதிகம். குழாய் வெடித்தால் உள்ளே ரத்தம் கொட்டும், உயிருக்கு ஆபத்து. ஆகவே இந்த வாக்கியத்தைக் கேட்ட மருத்துவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். யந்திரம் என்ன செய்தது? கருத்தடை முறைகளைப் பயன்படுத்தும்போது மாதவிடாய் சுழற்சி மாறலாம், கவலை வேண்டாம் என்று தொடங்கி, காப்பர்-டி, ஊசி, மாத்திரை என ஒவ்வொன்றின் பக்கவிளைவையும் விளக்கியது. ஆறாவது புள்ளியில் 'வலி கடுமையாக இருந்தால்' என்று வந்தது. 'எந்த முறை? ஆபரேஷனா?' என்ற ஒரு கேள்வி போதுமாக இருந்தது. மருத்துவ அறிவு அதனிடம் இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் அறுவை சிகிச்சையின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது முதல் வரியிலேயே 'உடனே மருத்துவமனை' என்று சொன்னது.

இப்படி நிறைய. 'தலைக்குக் குளிச்சு அம்பது நாளாச்சு' என்பார்கள். குளிப்பது மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ. மருத்துவர் கர்ப்பத்தின் வாரத்தை எண்ணுவது கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. மாத்திரையால் கருக்கலைப்பு செய்ய நம் சட்டவிதிகளில் உள்ள எல்லை 9 வாரம், அதாவது 63 நாள். அந்த விளிம்பில் நாலு நாள் சின்ன விஷயமல்ல. 'கலைக்கிற மாத்திரை' என்ற சொல் வேறு. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போடும் அவசரக் கருத்தடை மாத்திரையையும் அப்படித்தான் சொல்கிறார்கள், கருவைக் கலைக்கும் மாத்திரையையும் அப்படித்தான் சொல்கிறார்கள். முதலாவது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவது. தங்கிவிட்ட கருவை அது ஒன்றும் செய்யாது. இரண்டையும் குழப்பிக்கொண்டவர் கேட்கும் கேள்விக்குச் சரியான பதில் எழுதவே முடியாது, திருப்பிக் கேட்டால் ஒழிய.

கவனித்தீர்களா, இவை எல்லாவற்றிலும் விடுபடும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றேதான்: எப்போ? அவசர மாத்திரைக்கு 72 மணி நேரம், சீக்கிரம் போட்டால் நல்லது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் எடுக்க வேண்டும். எச்.ஐ.வி. பரிசோதனையோ நேர்மாறு, மறுநாளே ஓடினால் ஒன்றும் தெரியாது, சில வாரம் போக வேண்டும். 'நேத்து ராத்திரி' என்பவருக்கும் 'போன மாசம்' என்பவருக்கும் ஒரே கட்டுரையை அனுப்பினால் ஒருவருக்கு அது தாமதம், இன்னொருவருக்கு வீண் பயம்.

1966-இல் எம்.ஐ.டி.யில் ஜோசஃப் வைசன்பாம் எலிசா என்ற நிரலை எழுதினார். உலகின் முதல் சாட்பாட் என்று அதைத்தான் சொல்வார்கள். அதற்கு எதுவுமே தெரியாது. நீங்கள் சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்கிக் கேட்கும், அவ்வளவுதான். அவருடைய செக்ரெட்டரி அதனோடு பேசிக்கொண்டிருந்தபோது அவரையே அறையை விட்டு வெளியே போகச் சொன்னார் என்பது பிரபலமான கதை. எதுவும் தெரியாமல் கேட்டுக்கொண்டே இருந்த யந்திரத்திலிருந்து, எல்லாம் தெரிந்தும் எதையும் கேட்காத யந்திரத்துக்கு அறுபது வருஷத்தில் வந்து சேர்ந்திருக்கிறோம்.

இது ஏன் இப்படி? ஒரு பாதி தொழில்நுட்பம். இந்த மாதிரிகளைப் பழக்கும்போது இரண்டு பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று மனிதர்களைத் தேர்வு செய்யச் சொல்வார்கள். ஒன்பது புள்ளிப் பட்டியலும் 'நிறுத்தி எத்தனை நாளாச்சு?' என்ற ஒற்றைக் கேள்வியும் பக்கத்தில் இருந்தால் எது வேலை செய்த மாதிரித் தெரியும்? பட்டியல்தான். கேள்வி கேட்பது சோம்பேறித்தனம் போலத் தோன்றும். பழக்கமும் அப்படியே ஆகிவிடும்.

மறுபாதி சட்டம் என்பது என் ஊகம். 'உனக்கு வயசு என்ன?' என்று கேட்கும் சாட்பாட்டைக் கற்பனை செய்யுங்கள். பதில் '16' என்று வருகிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18-க்குக் கீழே சம்மதம் என்று ஒன்று கிடையாது. 19-ஆம் பிரிவுப்படி குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் தண்டனை. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கருத்தடை பற்றிக் கேட்கும் பெண்ணை நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள். ஆகவே வழக்கறிஞர்கள் என்ன ஆலோசனை சொல்வார்கள்? கேட்காதே. தெரியாமலிருப்பதே பத்திரம். பயனருக்கு அல்ல, நிறுவனத்துக்கு.

ஆனால் கேட்காமல் சொல்லும் பதில் எங்கிருந்து வருகிறது? உலகத்தில் அதிகம் எழுதப்பட்ட இடத்திலிருந்து. 'நீங்கள் செல்லும் கிளினிக்கில் உங்கள் விவரம் ரகசியமாக வைக்கப்படும்' என்று ஒரு வரி தமிழில் அழகாக வந்து விழுகிறது. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ அதற்கு ஓர் அர்த்தம் இருக்கலாம். இங்கே 16 வயதுப் பெண் அதை நம்பிப் போனால் மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போகலாம், காதலித்த 19 வயதுப் பையன் உள்ளே போகலாம். 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ஒரு வழி திறந்தது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் சொல்லும்போது அவள் பெயர், அடையாளத்தைத் தர வேண்டியதில்லை என்றது. அதே தீர்ப்பில்தான் திருமணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரை கருக்கலைப்பு உரிமை நீள்கிறது என்றும் சொன்னது. ஒரு பெண்ணுக்கு இந்த இரண்டு வரி தெரிந்தால் எவ்வளவு தெம்பு. நான் கேட்டவற்றில் ஒன்றுகூட இதைத் தானாகச் சொல்லவில்லை. 'இந்தியாவில்' என்று அழுத்திக் கேட்ட பிறகு ஒன்று சொன்னது.

மருந்துக் கடை விஷயமும் இப்படித்தான். அவசரக் கருத்தடை மாத்திரை இந்தியாவில் மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்கும் என்று எல்லாச் சாட்பாட்களும் சொல்கின்றன. சட்டப்படி சரி. ஆனால் சென்னையில் போய்க் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டு மருந்துக் கடைகள் பலவற்றில் அது வைத்திருப்பதே இல்லை என்று நாளிதழ்கள் பல வருஷமாகத் திரும்பத் திரும்ப எழுதிவருகின்றன. நான் கேட்ட மூன்று கடைகளிலும் "அது வர்றதில்ல சார்". நாற்பதைத் தாண்டிய ஆண், நான் கேட்டதற்கே ஒரு பார்வை கிடைத்தது. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்? 'அருகிலுள்ள மருந்தகத்தில் வாங்கலாம்' என்று யந்திரம் சொன்னதை நம்பி நாலு கடை அலைந்தால் அந்த 72 மணி நேரத்தில் ஒரு நாள் போய்விடும். இந்த ஊருக்கான பதிலில் இன்னொரு வரி இருந்திருக்க வேண்டும்: உறவுக்குப் பிறகு 5 நாளுக்குள் காப்பர்-டி போட்டாலும் கர்ப்பம் தடுக்கப்படும், மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்யும், அரசு மருத்துவமனையில் காப்பர்-டிக்குக் காசு இல்லை. அங்கேயும் 'கல்யாணம் ஆச்சா' வரும்தான். வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஆண்கள் பக்கம் வேறு வகைக் கோளாறு. தமிழில் இந்தப் பொருளில் எழுதிக் குவித்தவர்கள் யார் என்று யோசியுங்கள். மாதாமாதம் குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட ஊர் லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்கள். இளமையில் செய்த தவறு, விந்து நஷ்டம், நரம்புத் தளர்ச்சி என்ற மூன்று சொல்லை வைத்து ஒரு தொழிலே நடத்தியவர்கள். முன்பு சுவரில், பிறகு டிவியில், இப்போது இணையத்தில். 1954-ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டம் பாலியல் திறன் கூட்டும் மருந்து விளம்பரங்களைத் தடை செய்கிறது. அதற்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, விளம்பரங்களுக்கு வயதே ஆவதில்லை. விந்து போனால் உடம்பு போச்சு என்ற இந்தப் பயத்துக்கு மனநல மருத்துவர் விக் 1960-இல் 'தாத் சின்ட்ரோம்' என்று பெயரே வைத்தார். நம் 'தாது' தான்.

மொழி மாதிரி படித்த தமிழில் இந்தச் சரக்கும் கணிசமாக இருந்தே ஆக வேண்டும். 'தாது நஷ்டத்துக்கு என்ன செய்வது' என்று கேட்டால், சாட்பாட் அறிவியலையும் சொல்லி, 'பாரம்பரிய மருத்துவத்தில் தாதுவைப் பலப்படுத்த' என்று அமுக்கரா, பூனைக்காலி, முருங்கைப்பூ என ஒரு பட்டியலையும் தருகிறது. இரண்டு பக்கமும் பேசிவிட்டதாம். கேட்டவனுக்கு நோய் இல்லை என்பது முதல் வரியில் வர வேண்டிய செய்தி. 'எதனால் நஷ்டம்னு நினைக்கிறே, யார் சொன்னது?' என்று கேட்டிருந்தால் லாட்ஜ் வைத்தியர் வெளியே வந்திருப்பார். ஆங்கிலத்தில் அதே கேள்விக்கு இந்த மூலிகைப் பட்டியல் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு 'ஹேப்பி பாத்' என்று ஒரு சொல் உண்டு. பயனர் சரியான இடத்தில் சரியான எழுத்தைத் தட்டினால் நிரல் ஓடும் பாதை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அதை மட்டும் சோதித்துவிட்டு 'முடிஞ்சது' என்பார்கள். பாலியல் சுகாதாரச் சாட்பாட்களை மதிப்பிடும் கட்டுரைகளில் நான் பார்க்கும் கேள்விகள் எல்லாம் ஹேப்பி பாத். 'அவசரக் கருத்தடை எவ்வாறு செயல்படுகிறது?' இப்படி எந்தப் பெண்ணாவது பதறிப்போய்க் கேட்டிருப்பாளா? கேள்வியை மருத்துவர்கள் எழுதுகிறார்கள், பதிலை மருத்துவர்கள் திருத்துகிறார்கள், மதிப்பெண் 90-க்கு மேல் வருகிறது. மருத்துவர், மருத்துவருக்கான தேர்வை யந்திரத்துக்கு வைத்துப் பாஸ் போடுகிறார்.

நான் வைக்க நினைக்கும் தேர்வு வேறு. சுற்றிவளைத்துக் கேட்ட வாக்கியங்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் 'சரியான பதில்' என்று எதுவும் கிடையாது, 'சரியான எதிர்க்கேள்வி' மட்டும் உண்டு. யந்திரம் அதைக் கேட்டதா? கேட்கக் கூடாததைக் கேட்காமல் இருந்ததா? கல்யாணம், சாதி, அப்பா பெயர் எல்லாம் பூஜ்யம் மதிப்பெண். கேட்ட பிறகு அனுப்பிவைத்த இடம் உண்மையிலேயே இந்த ஊரில் இருக்கிறதா? 104 என்ற தமிழ்நாட்டு மருத்துவ உதவி எண்ணையும் எச்.ஐ.வி.க்கான 1097-ஐயும் அது சொன்னதா, அல்லது அமெரிக்க எண் ஒன்றைத் தந்ததா? குடும்பத்துக்கே ஒரு போன் இருக்கும் வீட்டில் அரட்டையை அழிப்பது எப்படி என்று சொன்னதா?

இதுவரை நாற்பது வாக்கியம் சேர்த்திருக்கிறேன். மேலே சொன்ன நாலைந்து அதிலிருந்துதான். ஆனால் அந்த நாற்பதும் சென்னையையும் சேலத்தையும் சுற்றியவை, அதிலும் பாதி என் மனைவியும் அவருடைய தோழிகளும் சொல்லித் தந்தவை. நாகர்கோவில் பக்கம் நாள் தள்ளிப் போனதை எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கருத்தடை ஊசியை என்ன பெயரில் கேட்பார்கள், மலையகத் தோட்டத்தில் வெள்ளைப்படுவதை நர்ஸிடம் எந்தச் சொல்லால் தொடங்குவார்கள், கோலாலம்பூரில் மருந்துக் கடைக்காரரிடம் எதைத் தமிழில் கேட்டு எதை மலாயில் கேட்பார்கள்? உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ சொன்ன ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்தால், அவர்கள் சொன்ன மாதிரியே, திருத்தாமல், எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம். ஊர் போதும்.